அத்தை பார்க்காத பச்சைப் புள்ளி

எங்கள் வீட்டுக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலம் நுழைய வேண்டும் என்றால் முதலில் அத்தை கண்ணாடியைத் தேடி எடுக்க வேண்டும். அத்தை என்றால் என் கணவரின் அம்மா. திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. சைவம் என்றால் சும்மா சைவம் இல்லை. முட்டை போட்ட கேக்கை வெட்டிய கத்தி என்று தெரிந்து, இரவல் வாங்கிய கத்தியை வாசலோடு திருப்பி அனுப்பிய சைவம். கடையிலிருந்து எது வந்தாலும் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொட்டலத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி கண்ணில் பட்ட பிறகுதான் அது அடுக்களைக்குள் போகும். கடைக்கார அண்ணாச்சியே ஒரு நாள், "யம்மா, சீனிக்குமா புள்ளி தேடுதீங்க?" என்று கேட்டுவிட்டார். அத்தை அசரவில்லை. "இருந்தா காட்டுங்க, இல்லன்னா போங்க" என்றார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பாட்டிலை மட்டும் மாதக்கணக்கில் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தினமும் விழுங்கிய மாத்திரையின் பாட்டில் அது. அவர் ஏன் பார்க்கவில்லை என்று யோசித்து யோசித்து நான் என்னையும் படுத்தி, என் வீட்டுக்காரரையும் படுத்திய கதைதான் இது.

எனக்கு அது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் மூச்சு விட்டது. நான் அதைத் தூக்கியதே இல்லை, விரலால் தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பிறகு அதுவும் இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று யாரும் சொல்லாமலேயே ஒரு முடிவு ஆகியிருந்தது. "போன தடவை" என்று மட்டும் சொல்வோம்.

பிறவியிலேயே எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும் வரை அடுப்பு முன்னால் நிற்க முடியாமல் இரண்டு முறை வாசலுக்குப் போய் வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவளை ஒன்பது மாதம் காத்திரு என்றால் என்ன செய்வாள்? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால், ஐயோ நடக்கலாமா என்று பயம் வரும். வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், பாதியில் கை வயிற்றுக்குப் போய்விடும். பிள்ளைகள் சமன்பாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்ப்பார்கள்.

நான்காம் மாதம் தொடங்கியதும் டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். அன்று அத்தை எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார், ஆனால் டாக்டரம்மாவின் அறைக்குள் வரவில்லை. போன தடவை அந்த அறையில் கேட்ட செய்தியை அவர் மறக்கவில்லை. வெளியே நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது ஒரு கொழுப்புச் சத்தும்மா, டி.எச்.ஏ.ன்னு பேரு" என்றார் டாக்டரம்மா. "புள்ளையோட மூளைக்கும் கண்ணுக்கும் வேணும். புள்ள அதைத் தாய் உடம்புல இருந்துதான் எடுத்துக்கிடும். மீன் சாப்பிடுறவங்களுக்கு மீன்லயே கிடைச்சிரும். நீங்க சைவம். ஆளி விதை, வால்நட்டு எல்லாம் நல்லதுதான், சாப்பிடுங்க. ஆனா அதுல இருக்கிறதை உடம்பு இதா மாத்துறது ரொம்பக் கொஞ்சம்."

"அப்போ நாங்க மீன் எண்ணெயா சாப்பிடணும்?" என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

டாக்டரம்மா சிரித்தார். "மீனுக்கு மட்டும் அது எங்க இருந்து வருதுன்னு நினைக்கீங்க? கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு. அதுதான் இதை உண்டாக்குது. பாசியைச் சின்னச் சின்ன உயிருங்க திங்கும், அதுகளை மீன் திங்கும். நாம நடுவுல மீனை விட்டுட்டு நேரா பாசிகிட்டயே போயிருதோம். இதைக் கடல்லகூட அள்ளுறதில்ல, பெரிய தொட்டியில வளத்து எண்ணெய் எடுக்காங்க. சுத்த சைவம்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இது போட்டால் இந்தத் தடவை குழந்தை நேரத்துக்குப் பிறக்குமா?

அவர் பேனாவை மூடினார். "குறைமாசத்துல பிறக்கிறது குறையலாம்னு சொல்லுதாங்க. குறையலாம்னுதான் சொல்லுதேன், குறையும்னு சொல்லல. மத்தபடி ஓய்வு எடுக்கணும், ரத்த அழுத்தம் பாக்கணும், சொன்ன நாளுக்கு வரணும். எல்லாம் சேந்துதான்."

அந்தக் 'குறையலாம்' போதும் எனக்கு. அதைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஆற்றுப் பாலத்தில் பேருந்துகள் நெரிந்து எங்கள் ஆட்டோ நின்றது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் குறைவு. பாறைகளில் பச்சையாய்ப் பாசி படர்ந்திருந்தது. இத்தனை வருடம் வழுக்கிவிடும் என்று மட்டும் நினைத்த பொருளை அன்றைக்குத்தான் மரியாதையாகப் பார்த்தேன்.

முதலில் டாக்டரம்மா மேசை டிராயரிலிருந்து உதிரியாகக் கொஞ்சம் மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுத் தந்திருந்தார். புளியங்கொட்டை அளவில், உள்ளே எண்ணெய் தெரிகிற மாத்திரைகள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அத்தையிடம், "மூளைக்கு நல்லதாம்மா, சாப்பாடு முடிஞ்சதும் குடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். கங்கைகொண்டானில் வேலைக்குப் போகிறவர். அன்று மதியத்து வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் படுத்துவிட்டேன். அத்தை உறையை வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அடுப்பு மேடையில், உடன்குடிக் கருப்பட்டி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு எதையும் நேரம் தவறாமல் கொடுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

சித்திரை வெயில் திருநெல்வேலியில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுப்புச் சூடு வேறு. ஒரு நாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அத்தை பின்கட்டில் உட்கார்ந்து அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாத்திரை வெடித்து ஒட்டிக்கொண்டதாம். "என்ன அத்தை, டப்பா தேஞ்சிரும் போலிருக்கே" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ போய் முகத்தைக் கழுவு" என்றார்.

அன்றிலிருந்து மாறினார்.

கடையில் வாங்கிய முதல் பாட்டில் அந்த வாரம் வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் எதிர்பார்த்தது இதுதான்: அத்தை கண்ணாடியைப் போடுவார், ஜன்னலுக்குப் போவார், பச்சைப் புள்ளியைக் கண்டுபிடிப்பார், 'சரி' என்பார். அத்தை பார்க்காத பச்சைப் புள்ளி இந்த ஊரிலேயே கிடையாது என்பது எங்கள் நம்பிக்கை. அதனால்தான் பாசி, தொட்டி என்று எதையும் அவருக்கு விளக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ஆனால் அத்தை பாட்டிலின் கழுத்தைப் பிடித்து வாங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேராகப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லுக்கு மேலே இருந்த மாடத்தில் வைத்தார். பக்கத்தில் ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்தார். அந்த டம்ளர் அடுக்களைக்குள் மறுபடி வரவே இல்லை.

அதன் பிறகு தினமும் ஒரே சடங்கு. சாப்பிட்டு முடித்ததும், "ஏட்டி, வா" என்று பின்கட்டுக்குக் கூப்பிடுவார். மாத்திரையை உள்ளங்கையில் வைப்பார். நான் விழுங்கும் வரை நிற்பார். வாயைத் திறந்து காட்டச் சொல்லாததுதான் பாக்கி. பிறகு சீயக்காய்ப் பொடி போட்டுக் கையைக் கழுவுவார். ஒரு முறை அல்ல, மறுபடியும் மறுபடியும் கழுவுவார்.

அதோடு நின்றிருந்தால் சுத்தக்காரி என்று விட்டிருப்பேன். சாமி அறைக்குள் போவதை நிறுத்தினார். "ஏல, நீயே விளக்கேத்திரு, எனக்கு முட்டு வலிக்கி" என்று மகனிடம் சொன்னார். முட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறி வடகம் காயப்போட்டுக்கொண்டுதான் இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். கேட்டால் பசிக்கவில்லை என்றார். எல்லாவற்றையும்விட, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார், அதையும் நிறுத்திவிட்டார். முதல் நாள் மறந்துவிட்டார் என்று நினைத்து வாசலில் நின்றேன். "பஸ் போயிரும், போ" என்றார்.

வயிற்றில் குழந்தையோடு இருக்கிறவளுக்கு நெற்றியில் திருநீறு பூச மறுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? நான் கணக்கு டீச்சர். இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். எனக்குத் தனி டம்ளர். என்னைத் தொட்டால் கையைக் கழுவுகிறார். சாமிக்கு முன்னால் எனக்காக நிற்க மாட்டேன் என்கிறார். என்னை ராசியில்லாதவள் என்று முடிவு கட்டிவிட்டார். போன தடவை போனது என்னால்தான் என்று நினைக்கிறார். இந்தக் குழந்தையும் தங்காது என்று மனசுக்குள் தண்ணீர் தெளித்துவிட்டார். அதனால்தான் எல்லாப் பொட்டலத்தையும் துருவித் துருவிப் பார்க்கிறவர் என் மாத்திரை பாட்டிலை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் எதை விழுங்கினால் அவருக்கு என்ன?

வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் அமைதியான மனிதர். சில நேரம் அந்த அமைதியைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்றிருக்கும். "அம்மாவுக்கு வயசாவுது, நீயா எதையாவது நினைக்காத" என்றார். "அப்போ கேளுங்க" என்றேன். கேட்டார். அத்தை, "ஒண்ணுமில்ல, முட்டு வலி" என்றார். முடிந்தது விசாரணை.

பாளையங்கோட்டையில் என் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிற ஒருத்தி எனக்கு நெருங்கிய தோழி. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரி, கிறிஸ்தவப் பெண். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் படகு. வாரம் தவறாமல் ஊரிலிருந்து பேருந்தில் அவளுக்கு மீன் வந்துவிடும். மசக்கையில் நான் அவள் சோற்று டப்பாவைத் திறந்தாலே ஓடுவேன் என்பதால், மூன்று மாதம் மரத்தடியில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டவள். அவளிடம்தான் பாசி மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏட்டி, எங்க ஊரு மீனு திங்கிறதைப் பிடுங்கித் தின்னுட்டு இருக்கியா நீ? எங்க அப்பா வலையில இனி வெறும் முள்ளுதான் வரும் போல."

"சிரிக்காத. உண்மையைச் சொல்லு. மீனையே தின்னா இன்னும் நல்லதா?"

சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாட்களில் யாராவது கல்லைத் தின்றால் குழந்தை தங்கும் என்று சொல்லியிருந்தால் ஆற்றில் இறங்கிப் பொறுக்கியிருப்பேன்.

"எனக்கு ரெண்டு புள்ள, ரெண்டுக்கும் மீனுதான் தின்னேன்" என்றாள். "உங்க டாக்டரம்மாதான் அதுல உள்ளது இதுலயும் இருக்குன்னு சொல்லிட்டாங்கள்லா. பொறவு என்னத்துக்குக் கிடந்து துடிக்க? பைய இரு. உனக்குப் புள்ள பிறக்கும்."

பைய இரு என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். ஆனால் எப்படி இருப்பது என்று யாரும் சொல்லவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. எனக்கு ஏழாம் மாதம். அந்த மாதம் முழுவதும் நான் தூங்கினேன் என்று சொன்னால் அது பொய். நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்து, அசைகிறதா, அசைகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அசைந்தால், ஏன் இவ்வளவு அசைகிறது என்று பயம். அசையாவிட்டால் கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து போன் செய்தால் அவர் 'ஹலோ' சொல்வதற்குள், "ஒண்ணுமில்ல, வைங்க" என்பேன்.

ஆடிப் பூரத்துக்குக் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் வளையல் வாங்கிக் கொடுப்பார்கள், கர்ப்பிணிகள் போய் வேண்டிக்கொள்வார்கள். கூட்டம் அலை மோதும். அத்தை ஒரு வருடம்கூட அதைத் தவறவிட்டதில்லை. இந்த வருடம் எனக்காகவே அவர் போவார், அம்மன் முன்னால் நின்று எனக்காக வாய் விட்டுக் கேட்பார், அதோடு என் மனசில் இருக்கிற அழுக்கெல்லாம் போய்விடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூவரும் நடந்தே போனோம். வழியில் கடையில் பச்சை வளையல், சிவப்பு வளையல் என்று அத்தையே பார்த்துப் பார்த்து வாங்கினார். கோயில் வாசல் வந்ததும் நின்றுவிட்டார். வளையல்களை என் கையில் கொடுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கனயே நிக்கேன்."

"நீங்களும் வாங்க, அத்தை."

"கூட்டமா இருக்கு. போ."

நான் உள்ளே போனேன். வளையல்களைக் கொடுத்தேன். அம்மனிடம் என்ன கேட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை, ஏனென்றால் முழு நேரமும் மனசு வாசலில் நின்றது. திரும்பி வந்தபோது அத்தை வளையல் கடைத் தூணுக்குப் பக்கத்தில், கோபுரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். கை கூப்பவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் நான் வெடித்துவிட்டேன். "என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிருங்க அத்தை. எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதேன். இந்தப் புள்ளையும் தங்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. எனக்குக் கண்ணு தெரியாதா? என்னைத் தொட்டா கையைக் கழுவுதீங்க. எனக்காகச் சாமி முன்னால போய் நிக்க உங்களுக்கு மனசு வரல."

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டார். அத்தையின் முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"சாப்பிட்டு வா. மாத்திரை நேரமாச்சு" என்றார்.

அன்றைக்கு அந்த மாத்திரையை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே விழுங்கினேன். அவர் கையைக் கழுவப் போனார்.

ஏழாம் மாதம் கடந்தது. எட்டாம் மாதம் பிறந்த அன்று டாக்டரம்மா, "போன தடவையைத் தாண்டிட்டோம்" என்றார். அறையை விட்டு வெளியே வந்து அத்தையிடம் சொன்னேன், கோபத்தோடுதான் சொன்னேன். அவர் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ம்" என்றார். வீட்டுக்கு வந்து இடி சாம்பார் வைத்தார், அவியல் வைத்தார், சொதி வைத்தார், ஒரே வேளையில். கல்யாண வீடா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பேசத்தான் இல்லை. நானும் பேசவில்லை. இரண்டு பெண்கள் ஒரே அடுக்களையில் பேசாமல் இருந்தால் பாத்திரங்கள் அதிகமாகப் பேசும் என்று என் வீட்டுக்காரர் அப்போது சொன்னார். அவர் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம்.

புரட்டாசியில் குலசைத் தசராவுக்கு மாலை போட்டவர்கள் தெருவில் காளி வேடம், குரங்கு வேடம் என்று வரத் தொடங்கினார்கள். வாசலில் மேளச் சத்தம் கேட்டால் வயிற்றுக்குள் இருப்பதும் உதைக்கும். டாக்டரம்மா குறித்த தேதி வந்தது. குழந்தை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சீக்கிரம் வந்துவிடுமோ என்று மாதக்கணக்கில் நடுங்கியவள், இப்போது ஏன் இன்னும் வரவில்லை என்று ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன். "ஒரு நிலையில நிக்க மாட்டியா? அதுக்குத் தலை சுத்தப் போவுது" என்று அத்தை அதட்டினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் என்னை அதட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதக் குழந்தை, நல்ல எடை, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற தொண்டை. "மாத்திரையாலயா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அதுவும் ஒரு கை குடுத்திருக்கலாம். இதாலதான்னு யாரும் சொல்ல முடியாது. பால் குடுக்கிற வரைக்கும் நிறுத்தாதீங்க, பால் வழியாவும் புள்ளைக்குப் போகும்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் முற்பகல் என் தோழி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தாள். நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். குழந்தை என் பக்கத்தில் தூங்கியது. அத்தை ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். தோழி குழந்தையின் மேல் குனிந்து அதன் கண்ணைத் தேடினாள்.

"முழிச்சுப் பாரேன்ட்டி, ராசாத்தி. எங்க மீனுக்கெல்லாம் பட்டினி போட்டுட்டு, அதுக திங்கிற பாசியைப் பூராவும் நீயும் உங்க அம்மையும்தான தின்னீங்க?"

அத்தையின் கை நின்றது.

"என்ன பாசி?" என்றார்.

"அதான் யம்மா, இவ தினமும் போட்ட மாத்திரை. கடல் பாசியில எடுக்கிற எண்ணெய்லா அது. மீனு அதைத் தின்னுதான் அந்தச் சத்து மீனுக்கே வருதாம்."

"மீன் எண்ணெய் இல்லையா?"

"சைவக்காரிக்கு யாராவது மீன் எண்ணெய் குடுப்பாங்களா?"

அத்தை மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கட்டிலில் வைத்தார். "அந்தப் பாட்டிலை எடு" என்றார் என்னிடம். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார். தலையில்தான் இருந்தது. மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் பாட்டிலைத் திருப்பினார். மாதக்கணக்கில் தினமும் கையில் எடுத்த அதே மாத்திரையின் பாட்டிலை அன்றைக்குத்தான் முதல் முறையாகத் திருப்பினார்.

"இருக்கு" என்றார். "பச்சைப் புள்ளி இருக்கு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தது. அடுப்புச் சூட்டில் வெடித்த மாத்திரை. அதன் கவிச்சி வாடை. புளி போட்டுத் தேய்த்த டப்பா. மீனுக்குள் இருப்பதே பாசியிலும் இருப்பதால் வாடையும் கடல் வாடைதான். அதை மோந்துவிட்டு அத்தை மீன் என்று நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டே தினமும் எடுத்து என் கையில் வைத்திருக்கிறார். மீனைத் தொட்ட கையென்று நினைத்துத்தான் விளக்கேற்றவில்லை. அந்தக் கையால் என் நெற்றியைத் தொடவில்லை. அம்மன் வாசலில் அந்தக் கையைத்தான் சேலைத் தலைப்புக்குள் மறைத்திருக்கிறார். ராத்திரிப் பட்டினி அதற்கான பிராயச்சித்தம்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அத்தை?"

"எங்கன கேக்க?" என்றார். "கேட்டா நீ ஆமான்னு சொல்லிட்டன்னா? மீனுன்னு தெரிஞ்ச பொறவு நம்ம வீட்டுக்குள்ள என் கையால நான் எப்படிக் குடுப்பேன்? தெரியாம இருந்தாக் குடுத்துக்கிட்டே இருக்கலாம்லா. அதான் அந்தப் புள்ளியையும் பாக்கல. பாத்தாத் தெரிஞ்சிரும்."

"அதுக்காக இத்தனை மாசம் சாமி கும்பிடாமலா?"

அத்தை பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"சாமி காத்திருக்கும்ட்டி. போன தடவை புள்ள காத்திருக்கலையே."

என் தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன தடவை போனது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தை பழக்க தோஷத்தில் இடுப்பில் சொருகியிருந்த திருநீற்றுப் பையை எடுத்து என் பக்கம் வந்தார். விரலை உள்ளே விட்டவர் சட்டென்று நிறுத்தினார்.

"அட, பிள்ளைத் தீட்டுல்லா இப்போ" என்றார். "ஆகும்ங்கிறப்போ ஆகாதுன்னு நின்னேன். இப்போ நிசமாவே ஆகாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்த அன்று அந்தப் பாட்டில் பின்கட்டுக்குப் போகவில்லை. சூடு படாத அலமாரித் தட்டில், அடுக்களைக்குள்ளேயே உட்கார்ந்தது. பழைய டம்ளரை அத்தை துலக்கி மற்ற டம்ளர்களோடு அடுக்கினார்.

தீட்டுக் கழிந்த காலையில் அத்தை தலைக்குக் குளித்து, சாமி அறையில் விளக்கேற்றினார். வெகு நேரம் வெளியே வரவில்லை. முட்டு வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிறகு குழந்தையோடு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். அவர் விரல் பட்டதும் நான் அழுதுவிட்டேன். நான் அழுவதைப் பார்த்துக் குழந்தையும் வீறிட்டது.

"ஏட்டி, ரெண்டு பேரும் சேந்து அழாதீங்க. எனக்கு யாரைப் பாக்கன்னு தெரியல" என்றார் அத்தை. "மாத்திரை போட்டியா?"